வாசலில் வந்து நின்ற தூதர்

அக்கா,

நலமா என்று கேட்டால் உனக்குக் கோபம்தான் வரும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று எங்கள் தூதரகத்துக்கு ஐம்பதாம் ஆண்டு விழா. எனக்கு முன்பு இங்கே தூதராக இருந்தவர்களின் வரலாற்றை மேடையில் வாசித்தேன். நடுவில் சில வருஷம் இரண்டு நாடுகளும் முறைத்துக்கொண்டு நின்றன. நம் தூதரைத் திருப்பியே அனுப்பிவிட்டார்கள். "பின்னர் நீண்ட பேச்சுவார்த்தையால் நல்லுறவு மலர்ந்தது" என்றேன்.

முன்வரிசையில் இருந்த இந்த நாட்டு முன்னாள் அமைச்சர், பழுத்த கிழவர், சத்தமாகச் சிரித்துவிட்டார்.

"பேச்சுவார்த்தையாவது ஒண்ணாவது! நாங்க திருப்பி அனுப்பிவச்ச அதே மனுஷன், சொந்தமா டிக்கெட் எடுத்து என் வீட்டு வாசல்ல வந்து நின்னாரும்மா. 'உங்ககூடச் சண்டை போடாம போரடிக்குது'ன்னாரு. கதவைச் சாத்தத்தான் போனேன். சிரிப்பு வந்துருச்சு!"

அரங்கமே அதிர்ந்தது. மிச்ச உரையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

நான் கிளம்பிய அன்று நாம் பேசியதைப் பற்றி இதில் ஒரு வரிகூட எழுதவில்லை, பார்த்தாயா? எழுதவும் மாட்டேன். விடுப்பு கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். முகத்தைத் திருப்பிக்கொள்வதானால் திருப்பிக்கொள். எவ்வளவு நேரம் தாங்குகிறாய் என்று நானும் பார்க்கிறேன்.

உன் தங்கை