தைலம் என்றால் தேய்க்க வேண்டும்

ஜூலை 21, திங்கள்

மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. மாடியில் காயப்போட்ட துணி முழுக்க மண். மறுபடியும் துவைப்பு.

முதல் சுற்று முடிவு இன்று கைக்கு வந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கணக்குப் போட்டேன். நீல ஸ்டிக்கர் டியூப்: டைக்ளோ என்ற வலி மருந்து பாதி அளவு, கூட யூகலிப்டஸ் எண்ணெய். சிவப்பு ஸ்டிக்கர்: டைக்ளோ முழு அளவு, எண்ணெய் கிடையாது. முட்டி வலியிலும் வீக்கத்திலும் நீலம் சிவப்புக்குச் சமமாக வந்தாலே போதும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். எண்ணெய் தோலைக் கொஞ்சம் இளக்கி வழி விடும், பாதி மருந்தே முழு வேலை பார்க்கும். இதுதான் என் ஆராய்ச்சி மொத்தமும். சமமாக வரவில்லை. நீலம் எங்கேயோ முந்திப் போய்விட்டது.

கைடு சாருக்கு வாயெல்லாம் பல். வருடக் கடைசிக்குள் தீசிஸை உள்ளே தள்ளிவிடச் சொன்னார். எனக்கு ஏற்கெனவே ஒரு நீட்டிப்பு கொடுத்தாயிற்று. இனி கேட்டால் பதிவே ரத்து.

எங்கள் வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். துறைமுகத்தில் ஏதோ கன்டெய்னர் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டு, இவருடைய கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸே தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறதாம். அதற்கு நடுவிலும், அப்போ இனிமே டாக்டரம்மாவா என்று ஒரு கேலி.

சந்தோஷம்தான். ஆனால் இவ்வளவு நன்றாகவா? ஒரு நமைச்சல்.

வாங்க: துணி கிளிப். ரவை. லேப் மார்க்கர். கிளிப் மறக்கக் கூடாது.

ஜூலை 22, செவ்வாய்

மாலை மேரி அக்கா வீடு. தீசிஸுக்கு முட்டியின் கடைசி போட்டோ எடுக்க வேண்டியிருந்தது.

என் ஆய்வில் இருப்பவர்கள் எல்லோரும் இறால் கம்பெனியில் ஈரத்தரையில் வருடக்கணக்காக நின்ற பெண்கள். மேரி அக்கா அதில் மூத்தவர். வலி மாத்திரையைப் பொரிகடலை மாதிரித் தின்று, போன வருடம் இரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி மாத்திரையைத் தொடவே கூடாது, மேலுக்குப் போடும் ஜெல் மட்டும் என்று டாக்டர் உத்தரவு. அப்படித்தான் என்னிடம் வந்தார். குலுக்கலில் நீல டியூப்.

அவருக்கும் அவர் வீட்டுக்காரர் சூசை அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மகள் கல்யாணத்தில் வந்த சண்டை. ஒரே வீடு, ஒரே உலை, பேச மட்டும் மூன்றாவது ஆள் வேண்டும். நான் போனால் நான்தான் தபால்காரி. அங்கன இருக்க மனுசன் காப்பி குடிச்சாச்சான்னு கேளுளா என்பார் அக்கா. அந்த மனுசன் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். நானும் வெட்கமில்லாமல் கேட்டுச் சொல்வேன்.

இன்று சொல்லாமல் போனேன். வாசலிலேயே யூகலிப்டஸ் வாசம். அக்கா கட்டிலில், அண்ணன் தரையில். அக்கா கால் அவர் மடியில். சரக்குத் தோணியில் மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் போய்வந்த கை, கயிறு இழுத்துக் காய்த்துப் போன கை. முட்டியைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கண் இரண்டு பேருக்கும் டிவியில்.

தினமும் இப்படியா என்று கேட்டேன். சீரியல் முடிகிற வரைக்கும் தேய்ப்பாராம், ஒரு நாள் விடாமல். அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தைலம்னா தேய்க்கணும்லா மேடம்?"

தேய்க்கச் சொல்லி நான் யாரிடமும் சொன்னதில்லை. போட்டோ எடுக்காமலே வந்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

இரண்டு நாளாக ஸ்கூட்டரில் வீடு வீடாக. மாப்பிள்ளையூரணி பக்கம் பஞ்சர் வேறு. கேட்டதில் சில:

நீலம். "வாசம் வந்திச்சா, தைலம்லான்னு மவள தேய்க்கச் சொன்னேன்."

நீலம். மருமகள் தேய்ப்பாளாம், மாமியார் அவளைத் திட்டிக்கொண்டே இருப்பாராம். இருவருக்கும் திருப்தி.

சிவப்பு. "டியூப் மருந்துதான? வெரல்ல எடுத்துத் தடவிட்டு சேலைய எறக்கி விட்டுட்டேன்."

சிவப்பு. வாசமே இல்லையே, பழைய ஸ்டாக்கா என்று என்னையே விசாரணை.

நீலம் வாங்கிய அத்தனை பேர் வீட்டிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள். சிவப்பை ஒருவரும் தேய்க்கவில்லை. வாசம் அடித்தால் தைலம், தைலம் என்றால் தேய்க்க வேண்டும். வெள்ளை ஜெல் என்றால் தடவினால் போதும். ஊருக்கே தெரிந்த விஷயம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாமல் போனதா? தெரியும். யோசிக்கவில்லை.

நான் எல்லோரிடமும் சொன்னது ஒரே வாக்கியம்: காலையிலும் ராத்திரியும் போடுங்க. போடுங்க! தேய்ப்பதும் போடுவதுதான், தடவுவதும் போடுவதுதான். ஒரு சொல்லில் மொத்த ஆய்வும் குளோஸ்.

காலேஜ் ஸ்டாண்டில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதேன். ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணைத் துடைக்க முடியாது. பிறகு கேன்டீனில் வடை இரண்டு. தெம்பு வந்தது.

மறுபடி செய்ய வேண்டும். முதலிலிருந்து.

ஜூலை 28, திங்கள்

கைடு சாரிடம் சொன்னேன். கெட்ட மனுஷர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். தேய்ப்பதும் தைலத்தோடு சேர்ந்ததுதானே, குறைபாடுகள் என்ற பகுதியில் ஒரு பத்தி எழுதி முடித்துவிடலாம் என்றார். பாதிப் பேர் அதைக்கூட எழுதுவதில்லையாம்.

"சார், வீக்கத்தை எறக்குனது எண்ணெயா, சூசை அண்ணன் கையான்னு எனக்குத் தெரியல. மருந்தப் பாதியாக் கொறைச்சாப் போதும்னு நான் எழுதி, அதை நம்பி தேய்க்க ஆள் இல்லாத ஒருத்தி போட்டா என்ன ஆகும்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டிசம்பர் உங்களுக்காக நிற்காதும்மா என்றார். பிறகு மறு சுற்றுக்கான மனுவில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் இவரிடமும் சொன்னேன். தோசை ஊற்றினார். டாக்டர் பட்டம் இல்லாமலே இந்தப் பேச்சு பேசுத, வந்துட்டா எங்க கதி என்ன என்றார். கருகிய தோசை எனக்கு.

ஆகஸ்ட் 6, புதன்

மாதா கோயில் திருவிழா நேற்றோடு முடிந்தது. தெரு முழுக்கக் காகிதமும் உடைந்த பலூனும். தலைவலி. தைலம் போட்டுக்கொள்ளவில்லை, பார்த்தாலே எரிச்சல்.

புது ஜெல். இந்தமுறை முழு அளவு டைக்ளோவிலும் யூகலிப்டஸ் துளியோ துளி, வாசத்துக்கு மட்டும், வேலை செய்யாத அளவுக்கு. மூக்கை வைத்து யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. முதல் தடவை தண்ணீராகப் பிரிந்தது. இரண்டாம் தடவை கட்டி. மூன்றாவது பழுதில்லை.

மூக்குப் பரீட்சை: வாட்ச்மேன், கேன்டீன் அக்கா, ஆபீஸ் கிளார்க். மூன்று பேரும் இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். இவரிடமும் நீட்டினேன். நாள் முழுக்க நிலக்கரித் தூசியில் நின்ற மூக்கு, எதுவுமே வரவில்லையாம். செல்லாத ஓட்டு.

எத்திக்ஸ் கமிட்டி சரி சொல்லிவிட்டது. எனக்கான விதிகள்:

1. அவரவர் முட்டிக்கு அவரவர் கை.
2. தேய்ப்பது கிடையாது. விரலால் பரத்திவிட்டு அப்படியே விட வேண்டும்.
3. வேறு யார் கையும் படக் கூடாது. பட்டால் அந்த ஆள் ஆய்வில் இல்லை.
4. "போடுங்க" என் வாயில் வரவே கூடாது.

எது எந்த டியூப் என்று எனக்கும் தெரியாது. அந்தப் பட்டியலை லேபில் இன்னொரு மேடத்திடம் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டேன். ஆட்கள் எண்ணிக்கைக்குச் சரியாக இருக்கிறார்கள். ஒருவர் குறைந்தாலும் கணக்கு நிற்காது. மேரி அக்காவும் உண்டு.

செப்டம்பர் 1, திங்கள்

இரண்டாம் சுற்று ஆரம்பம். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

மேரி அக்கா முட்டி மறுபடி பந்து மாதிரி. இடையில் டியூப் கொடுக்கவில்லையே. டியூப் நின்றதும் அண்ணன் தேய்ப்பதும் நின்றுபோயிற்றாம். சும்மா போய் எப்படிக் காலைப் பிடிப்பார் பாவம், ஒரு சாக்கு வேண்டுமே. டியூபைப் பார்த்ததும் அண்ணன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவரிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா தானே பரத்திக்கொள்ள வேண்டும், நீங்கள் தொடக் கூடாது என்று. ஏன் என்று விளக்கினேன். எவ்வளவு புரிந்ததோ. எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டார்.

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அங்கன நிக்க மனுசனுக்கு வேலை மிச்சம்னு சொல்லுளா."

சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. ஆனாலும் இதை இப்படித்தான் செய்ய வேண்டும். வேறு வழி இருந்தால் யாராவது வந்து காட்டட்டும்.

செப்டம்பர் 8, திங்கள்

எல்லா வீடும் சுற்றி முடித்தாயிற்று. ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். ஒருவருக்கு லேசாக அரிப்பு, தண்ணீரில் கழுவி ஒரு நாள் விடச் சொன்னேன், போய்விட்டது. ஒரு அக்கா, தேய்க்காத தைலம் உண்டுமா, என்ன படிப்பு படிச்ச என்று கேட்டார். நியாயமான கேள்வி.

கேஸ் சிலிண்டர் புக் செய்யவில்லை. இன்றும் மறந்தேன்.

மேரி அக்காவுக்குக் குனிந்தால் முட்டி குத்துகிறதாம். தானே பரத்திக்கொள்கிறேன் என்கிறார். முகம் சரியில்லை. அண்ணன் வீட்டில் இல்லை.

செப்டம்பர் 17, புதன்

எழுதியே தீர வேண்டும்.

மேரி அக்கா வீட்டுக்குப் போனேன். அளந்தேன். வீக்கம் நன்றாக வற்றியிருக்கிறது. நடையில் தெளிவு. மனதுக்குள் குதித்தேன். தேய்க்காமலே இப்படி என்றால் நான் ஜெயித்தேன்.

அண்ணன் காப்பி கொண்டுவந்தார். டம்ளரை வாங்கி வாயருகே கொண்டுபோனால் காப்பி வாசம் வரவில்லை. யூகலிப்டஸ்.

டம்ளரைக் கீழே வைத்தேன். அக்காவைப் பார்த்தேன். யார் போட்டது என்று கேட்டேன். போட்டது என்றேதான் வாயில் வந்தது. நாந்தான் நாந்தான் என்றார் அக்கா, கேட்பதற்கு முன்னாலேயே சொல்லத் தயாராக இருந்தவர் மாதிரி. அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

கோபம்தான் வந்தது. ஊரெல்லாம் சுற்றி, திட்டு வாங்கி, டிசம்பரைத் தலையில் சுமந்துகொண்டு அலைகிறேன், இந்த மனுஷருக்கு ஒரு மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாதா? வாய்வரை வந்தது. அப்போது அண்ணன் பேசினார். என்னிடம்தான் பேசினார். பார்த்தது அக்காவை.

"குனிய முடியலம்மா அவளுக்கு. ராத்திரி எந்திச்சி உக்காந்து அழுதா, சத்தம் வராம. நான் முழிச்சித்தான் கெடந்தேன். பாத்துட்டு எப்படிம்மா படுத்துருக்கது? உங்க பரீட்சையில என்னப் பெயில் போட்டுருங்க."

அக்கா தலையைத் திருப்பிக்கொண்டார். பிறகு, என் வழியாக இல்லாமல், நேராகவே சொன்னார்.

"ஏன் அந்தப் பிள்ளைட்டப் போயி சொல்லுதீரு. அவ வேலை போயிறப் போவுது."

நான் காப்பியைக் குடித்து முடித்தேன். தைலக் காப்பி. வேறு என்ன செய்வது.

செப்டம்பர் 18, வியாழன்

மூட்டமாக இருக்கிறது. மழை இல்லை.

ராத்திரி பாதி நேரம் கணக்குப் போட்டேன். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். மேரி அக்கா எண்ணைச் சேர்த்தால் ஆள் குறையாது, டிசம்பர் தப்பிக்கும். அவர் டியூபில் எது இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்துதான் என்ன? அந்த முட்டியைச் சரிசெய்தது எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாத ஒன்றை எண்ணாக எழுத எனக்குக் கை வராது.

காலையில் கைடு சாரிடம் போனில் சொல்லிவிட்டேன். பெருமூச்சு கேட்டது. மாற்று ஆள் கிடைத்தால் வருடக் கடைசிக்குள் இழுத்துப் பிடிக்கலாம், கிடைக்காவிட்டால் அவ்வளவுதான் என்றார். கிடைக்கும் சார் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

மேரி அக்காவை ஆய்விலிருந்து எடுத்தாயிற்று. நீக்கியதற்குக் காரணம் எழுத வேண்டுமாம். கணவர் என்று எழுதினேன்.

டியூபைத் திரும்பக் கேட்கவில்லை. நாளைக்கு இன்னொரு முட்டி தேட வேண்டும்.