தண்ணீர்க் குழாயில் தெரிந்த கோடு

என் வசந்தி அக்காவுக்கு,

உன்னோடு பேச வேண்டுமென்றால் உன் படத்தின் முன் நின்றாலே போதும். ஆனால் இது அம்மா காதில் விழக்கூடாது. அதனால் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

உன் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதில் காசநோய்க் கிருமி வளர்கிறதா என்று தெரிய ஆறு வாரம் ஆகும் என்றார்கள். நீ இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் அப்பா தாம்பரம் ஆய்வுக்கூடத்துக்குப் போய் ரிப்போர்ட்டை வாங்கி வந்தார். காசநோய்க் கிருமியால் வந்த மூளைக்காய்ச்சல் என்று எழுதியிருந்தது. நீ போன பிறகும் அது வளர்ந்துகொண்டிருந்ததை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அதே ஆய்வுக்கூடத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. இப்போது புதுச் சோதனை வந்திருக்கிறது, அக்கா. கிருமியை வளர்க்கவே வேண்டாம். அதன் மரபணுவில் ஒரு துணுக்கு இருந்தால் போதும், மெஷின் அதைப் பல கோடியாகப் பெருக்கிவிடும். புற ஊதா விளக்கில் கோடாகத் தெரியும். எல்லாம் ஒரே நாளில். சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, கிருமி உள்ள குழாய் ஒன்றும் வெறும் தண்ணீர்க் குழாய் ஒன்றும் கூடவே வைப்போம். முதலாவதில் கோடு வர வேண்டும், தண்ணீரில் வரவே கூடாது. பழைய நோயாளிகளிடம் வளர்த்த கிருமிகளை இங்கே உறையவைத்துச் சேமித்திருப்பார்கள்; அந்தக் குழாய்க்காக அதிலிருந்து உன்னுடையதை எடுத்தேன். உன் ரிப்போர்ட் எண் எனக்கு மனப்பாடம். யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, ஊரப்பாக்கத்திலிருந்து ஆறு வயதுப் பெண்ணின் முதுகு நீர் வந்தது. மதியம் விளக்கைப் போட்டதும் கூட வேலை செய்யும் செல்வி கத்தினாள். "அக்கா, தண்ணி குழாய்லயும் கோடு கீது!"

ஒன்றுமே இல்லாத தண்ணீர். அதில் நீ. மறுநாள் திரும்பச் செய்தேன், இன்னும் பளிச்சென்று வந்தாய். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. என்னைத் தேடித்தான் வந்தாயா?

வாசலில் அந்தப் பெண்ணின் அம்மா. "இன்னா மேடம், ரிசல்ட் வந்துச்சா? புள்ள கண்ணே தொறக்க மாட்டேங்குது."

குழந்தையைப் பார்க்கும் டாக்டர் போனில் வந்தார். "மஞ்சள் காமாலை வந்த குழந்தைம்மா. சும்மா சந்தேகத்துல டிபி மருந்தைக் குடுத்தா லிவர் தாங்காது. கிருமி இருக்கா, இல்லையா?"

குழந்தையின் குழாயிலும் கோடு இருந்தது. ஆனால் அது அவளுடையதா, உன்னுடையதா? "நாளைக்குச் சொல்றேன் டாக்டர்" என்று போனை வைத்தேன்.

செல்விதான் கேட்டாள். "நீங்க ஏன்க்கா டெய்லி அந்தக் கிருமிக் குழாயை மொதல்ல தொறக்கறீங்க? அதைக் கடைசியாத்தானே தொறக்கணும்?"

ஆமாம். காலையில் வந்ததும் உன் மூடியைத் திறந்து, மனதுக்குள் 'வந்துட்டேன்க்கா' என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன். அதே கையுறையோடு எல்லாக் குழாயிலும் உன்னை ஒட்டவைத்தது நான்தான்.

புதன்கிழமை காலை, கிருமியைக் கொல்லும் நீராவி மெஷினில் உன் குழாயை நானே போட்டு மூடினேன். வேறு அறை, சோதனைக்குப் புது ரசாயனங்கள், வேறு யாருடைய கிருமியோ. குழந்தையின் நீரில் தொடாமல் வைத்திருந்த மிச்சத்தை எடுத்தோம். மதியம் விளக்கைப் போட்டால், குழந்தையின் கோடு அப்படியே இருந்தது. தண்ணீர்க் குழாயின் இடம் இருட்டு. டாக்டருக்குப் போன் செய்துவிட்டு அந்த இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ செத்துவிட்டாய் என்று அன்றைக்குத்தான் நம்பினேன், அக்கா.

அன்று மாலையே மருந்து ஆரம்பித்தார்கள். நேற்று அவள் கண்ணைத் திறந்து அம்மாவை அடையாளம் கண்டுகொண்டாளாம்.

இனி எந்தக் குழாயிலும் உன்னைத் தேட மாட்டேன். சத்தியம்.

உன்னை இரண்டாம் முறை வழியனுப்பிய
தங்கை சுமதி