ஊர்ப்பெயர் எழுதாத ஓலை

மலையில் மழை தவறாது பெய்க. மழைக்கு மேலுள்ள விண் எல்லார்க்கும் பொதுவாய் நிற்க.

பாலைத்துறை நாட்டின் பதினெட்டுத் துறைகளுக்கும் தலைவர், கழிமுகம் காத்த உரவோர், வேந்தர் ஆதன் வெண்கோடனார் திருமுன்புக்கு, கார்க்குன்ற நாட்டரசி நன்மாறி தேவியார் பணித்தருள, ஓலைநாயகம் நக்கன் காரி எழுதும் ஓலை. தங்கள் துறைகளில் கலங்கள் நலமே புகுக. தங்கள் வாணசாலையில் தீயும் தீயைக் காப்போரும் நலமாயிருக்க.

தாங்கள் முதலில் அறிய விரும்புவதை முதலில் எழுதுவதே முறை. வளர்பிறை ஐந்தாம் நாள் தங்கள் பெருவாணத்தின் தலையிலேறி விண் சென்ற செங்கண்ணி உயிரோடிருக்கிறார். காற்றுத் திசைமாறியதால் அவருடைய வெண்கலக் கூடு, பட்டுக்குடை விரித்தபடி ஆற்றைக் கடந்து எம் மேய்ச்சல் நிலத்தில் இறங்கிற்று. இடக்கணுக்கால் சுளுக்கியதன்றி வேறு ஊறில்லை. எந்நாட்டு ஆளென்று இடையர் கோலோங்கி வினவ, முதலில் மோர் தருமாறும் நாட்டைப் பிறகு சொல்வதாகவும் விடையிறுத்தாராம். மோர் தரப்பட்டது. நாட்டையும் சொன்னார்.

ஆறு நாள் வரை எம்மிடமிருந்து செய்தி வராமைக்குரிய காரணத்தையும் ஒளிக்காது எழுதுமாறு தேவியார் பணித்தார். அவரை ஒற்றராகக் கொண்டு சிறைவைத்துக் கூட்டைப் பிரித்து நுட்பமறிய வேண்டுமென்பது படைத்தலைவர் வேளான் கொற்றனார் கருத்து. அவையில் பெரும்பாலோர் தலையசைத்தனர். நுட்பங்களைப் பேச்சுவாக்கில் கேட்டறியும்படி, எம் நாட்டிலிருந்து முதன்முதல் விண்ணேறிய அழிசியாரை அவரிடம் அனுப்பினர். அழிசியார்க்கு இன்று ஐம்பத்துநான்கு அகவை. மாடிப்படி ஏறச் சொன்னால் முறைப்பார். அவர் கேட்டதோ, தின்னக் கொண்டுசென்ற பொரி மேலே எடையற்று மிதந்ததா என்பது. மிதந்தது, வாயைத் திறந்துகொண்டு துரத்த வேண்டியிருந்தது என்றார் செங்கண்ணி. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தனர். கதவருகே நின்ற காவலர் அதனை மறைமொழியென்று குறித்துக்கொண்டனர்.

பின்னர், செங்கண்ணியைத் திருப்பியனுப்ப இயலாதென்று தங்கட்கு மறுப்போலை எழுதும் பணி நக்கன் காரியிடம் வந்தது. எழுத்தாணியைக் கையிலெடுத்தவன் எழுதவில்லை. அவன் நெஞ்சம் இருபத்தேழு ஆண்டு பின்சென்றது.

அக்காலம், இரு நாட்டாரும் ஒருவர் வானத்தை ஒருவர் பார்த்தபடியே கண்விழித்த காலம். தாங்கள் ஒரு நாகணவாய்ப் பறவையை விண்ணேற்றிய ஆண்டில் யாம் ஓர் ஆட்டுக்கிடாயை ஏற்றினோம். கிடாய் மீண்டது; பறவை மீளவில்லை. யாம் முரசறைந்தோம், ஓர் இரங்கற்சொல் அனுப்பியிருக்கலாம். மனிதனை முதலில் அனுப்புவது எந்நாடு என்பதே பாடிவீட்டிலும் பந்தியிலும் பேச்சாயிருந்தது. பயிற்சியில் முந்திய உயர்குடி வீரர் இருவர் இருக்கவும், உப்பு வணிகர் மகன் சென்றால் நாடு முழுதும் தானே சென்றதாக மகிழுமென்று அமைச்சர் அழிசியாரைத் தேர்ந்தனர். கூட்டுக்குள் அடங்கும் உயரம் அவர்க்கே இருந்தது என்பது கூட்டை வார்த்த கன்னார் சொன்ன காரணம்.

அரச வினை எதற்கும் முடிவு தெரியுமுன்பே ஓலை எழுதி வைப்பது எம் மரபு. முடிவு தெரிந்தபின் எழுதுவோன் கை நடுங்குமென்பது முன்னோர் கருத்து. பயன்படாத ஓலைகள் அன்றே மடைப்பள்ளி அடுப்பில் எரியும். அவ்வண்ணம் நக்கன் காரி மூன்று எழுதினான். ஒன்று வெற்றியோலை. ஒன்று இரங்கலோலை, மூன்றனுள் நடையிற் சிறந்தது அதுவே என்பதை அவன் எவரிடமும் சொன்னதில்லை. மற்றொன்று, அழிசியார் தங்கள் மண்ணில் இறங்க நேரின் தங்கள் தந்தையார்க்கு அனுப்ப வேண்டியது. எங்கே இறங்குவார் என்று அறியாமையால் அதில் ஊர்ப்பெயருக்கு நான்கு விரலிடை இடம் விட்டான்.

விடியலில் வாணம் எழுந்தது. அக்கரையில் தங்கள் மக்கள் கூரைமேல் நிற்பதை அவன் கண்டான். அது முகிலுள் மறைந்தபோது இக்கரையில் எழுந்த ஆரவாரம் அக்கரையிலும் எழுந்தது. ஒற்றர் குறிப்பில் அது இடம்பெறவில்லை. அவன் செவியில் இன்றும் இருக்கிறது. நண்பகலில் அழிசியார் எம் எள்ளுக்கொல்லை ஒன்றிலேயே இறங்கினார். வெற்றியோலை சென்றது, இரங்கலோலை எரிந்தது. மூன்றாவதை அவன் எரிக்கவில்லை. அது குற்றமென்று அறிந்தே பேழைக்குள் வைத்தான்.

இப்போது மறுப்போலை எழுதாமல், அதனைப் பேழையிலிருந்து எடுத்து வந்து அவையில் படித்தான். எம் மகன் தங்கள் நாட்டில் இறங்கியுள்ளான் என்றும், அவன் படையெடுத்து வந்தவனல்லன், மேலே சென்றவன் கீழே வரவேண்டியிருந்தது என்றும், வினவுவதற்கு முன் அவனுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டுமென்றும் அதில் இருந்தது. அன்று இவ்வேண்டுகோள் மறுக்கப்பட்டிருந்தால் என் செய்திருப்பீர் எனத் தேவியார் வினவ, மூன்றே நாளில் ஆற்றைக் கடந்திருப்பேன் என்றார் கொற்றனார்.  பிறகு செங்கண்ணிக்குப் பல்லக்கு வேண்டுமே, கால் சுளுக்காயிற்றே என்றார்.

ஆகவே தேவியார் ஆணை இது. நிறைமதி நாள் காலை செங்கண்ணியும், பிரிக்கப்படாத கூடும், உலர்த்தி மடித்த பட்டுக்குடையும் ஆற்றுத்துறையில் தங்கள் மக்களிடம் சேர்க்கப்படும். அழிசியார் உடன் வருவார். ஓலையை எரிக்காத குற்றத்திற்குத் தண்டமாக நக்கன் காரி அதனைத் தானே சுமந்து வந்து தங்கள் கையில் தருவான். அது தங்கள் நாட்டுக்கென்று எழுதப்பட்டது. வந்து சேரத்தான் காலம் தாழ்ந்தது. ஊர்ப்பெயருக்கு விட்ட இடம் விட்டபடியே இருக்கிறது. இனியும் பலர் மேலே செல்வர். காற்று எவர் ஆணைக்கும் உட்படாது. எம்மவர் ஒருவர் தங்கள் மண்ணில் இறங்கும் நாளில் அவ்வூரின் பெயரைத் தாங்களே எழுதிக்கொள்க.

தேவியார் முத்திரை இட்டருளினார். துறைகாவலரும் படைத்தலைவரும் இவ்வாணைவழி நிற்க.

இவ்வோலை முன்கூட்டி எழுதப்பட்டதன்று. வரிகள் நேர்நில்லாதிருப்பின் பொறுத்தருள்க.