பின்கதவில் இருக்கும் 1500

என்னங்க, விடிகிற நேரத்தில்தான் கண்ணயர்ந்தீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. சோறும் குழம்பும் அடுப்பு மேல் இருக்கின்றன. டைல்ஸ் கடைக்காரர் வந்தால் தயவுசெய்து லோடு ஏற்றாதீர்கள்.

நேற்று நீங்கள் வண்டியை வாங்கி வந்ததும் "இந்த ஓட்டை வண்டி எதுக்கு?" என்று கேட்டுவிட்டேனே, சமாதானமாக இருக்கட்டும் என்று விடிந்ததும் வண்டியைத் துடைத்தேன். டிரைவர் கதவின் உள்பக்கம் ஒரு சின்னத் தகடு. அழுக்கைத் தேய்த்தால், ஏற்றக்கூடிய எடை எழுநூறு கிலோ என்று இருக்கிறது! பின்கதவில் 1500 என்று இருப்பதை நம்பித்தானே ஒன்றரை டன் டைல்ஸ் ஏற்றலாம் என்றீர்கள்?

பக்கத்து வீட்டு மெக்கானிக் தம்பியிடம் ஓடினேன்.

"பின்னாடி இருக்கிற 1500 வெறும் மாடல் பேருதான், அக்கா. கிலோ கணக்கு இல்ல."

"அதுக்குப் பக்கத்துல எல்எக்ஸ்னு இருக்கே, அது லோடு எக்ஸ்ட்ரான்னு வித்தவர் சொன்னாரே?"

"ஐயோ, அது சீட்டு, கண்ணாடியெல்லாம் கொஞ்சம் ஒசத்தியா இருக்கும்னு அர்த்தம்."

விற்றவருக்குப் போன் செய்தேன். "சும்மா பேச்சுக்குச் சொன்னதும்மா, வித்தது வித்ததுதான்" என்று வைத்துவிட்டார்.

நான் சொன்னது பலித்துவிட்டது என்று சந்தோஷப்படுவதாக நினைக்காதீர்கள். தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தீர்களே, அந்த முகத்தை நினைத்தால் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தையல் கடைக்கு நேரமாகிவிட்டது.

பாதி பாதியாக ஏற்றினால் டீசலுக்கே கட்டாது என்பீர்கள். எனக்கும் வழி தெரியவில்லை.

கீழே இடம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: வண்டிச் சாவியை நான் எடுத்துப் போகிறேன். தேடாதீர்கள். எழுந்ததும் போன் செய்யுங்கள், திட்டுவதற்கென்றாலும் சரி.