உன் காலண்டரில் ஒரு சரி

அன்புள்ள உனக்கு,

போன மாதம் மோர்டனில் இருக்கிற தமிழ்க் கடையில் புதுக் காலண்டர் தந்தார்கள். பருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டே கடைக்காரத் தம்பி, "அக்கா, வழமைபோல ரெண்டுதானே?" என்றார். நீ போனது அவருக்குத் தெரியாது. "ஓம்" என்றேன். சுருட்டி ரப்பர் பாண்ட் போட்ட இரண்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அச்சு மை மணத்தது. இப்போதாவது அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. உன் செத்தவீட்டிலும் வரவில்லை. எட்டு மாதமாய் இப்படித்தான் இருக்கிறேன்.

இந்தக் காலண்டர்ப் பழக்கம் தொடங்கிய நாள் நினைவிருக்கிறதா? சுப்பர்மார்க்கெட்டில் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டரில் வேலை செய்த நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஜனவரியில் உடம்பைக் குறைக்கிற வகுப்பில் சேர்ந்தோம். எடை பார்க்கச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். நீ சப்பாத்தோடு நிறுத்தவில்லை. காப்பைக் கழற்றினாய், தோட்டைக் கழற்றினாய், கடைசியில் அந்தப் பாரமான தாலிக்கொடியையும் கழற்றி என் கையில் தந்துவிட்டு ஏறினாய். அப்படியும் ஒன்றும் குறையவில்லை. வெளியே வந்ததும் உனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"வருசம் பிறக்கிற நேரம் உடம்போட சண்டை பிடிக்கிறது என்ன பழக்கமடி? தாலியைக் கழட்டுற அளவுக்கு வந்திட்டம்" என்றாய். பஸ் தரிப்பில் நின்றே ஆளுக்கொரு மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டோம்.

அன்றைக்கே சட்டம் போட்டாய். புதுவருடத்துக்குக் காலண்டரில் எழுதுவது மனசுக்குப் பிடித்ததாய் இருக்க வேண்டும். டயட் என்ற சொல் வரவே கூடாது. முடியாததை வெட்கப்படாமல் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம். முடித்தால் மற்றவள்தான் பக்கத்தில் சரி அடையாளம் போட வேண்டும், தனக்குத்தானே போடக் கூடாது. அந்தச் சட்டப்படி மாடி பஸ்சில் முன்சீட்டைப் பிடித்துக் கடைசித் தரிப்பு வரை சும்மா போய்வந்தோம். நான் கண்ணைக் குத்துகிற மஞ்சளில் ஒரு கோட் வாங்கினேன். உனக்கு ஒன்றுதான் நாலு வருடமாய் ஏலவில்லை: இரண்டு விரலை வாய்க்குள் வைத்து விசிலடிப்பது. "பொம்பிளைப் பிள்ளை விசிலடிக்கக் கூடாதெண்டு அம்மா சொன்னவ. எனக்கு ஐம்பத்தாறு, இனி ஆர் தடுக்கிறது?" என்று பஸ் தரிப்பில் நின்று ஊதுவாய். காற்றுத்தான் வரும்.

நீ போவதற்கு ஆறு மாதம் முன், சட்டன் ஊரில், பெரியபிள்ளையான ஒரு பிள்ளைக்குச் சாமத்திய வீடு. மண்டபத்துக்கு நீ நன்றாக மெலிந்து வந்தாய். எல்லாரும் சுற்றி நின்று, "என்ன வடிவாய் வந்திட்டீர், என்ன செய்தனீர்?" என்று கேட்டார்கள். நான் உன்னை ஓரமாய்க் கூட்டிப்போனேன்.

"களவாய் டயட் செய்யிறாய், என்ன?"

"ஒண்டும் செய்யேல்லையடி."

நான் நம்பவில்லை. நம் சட்டத்தை நீயே மீறிவிட்டாய் என்று மூன்று கிழமை உன் போனை எடுக்கவில்லை. அந்த மூன்று கிழமையும் நீ தனியாக ஸ்கானுக்குப் போய் வந்திருக்கிறாய்.

டிசம்பரில் இரண்டு காலண்டரோடு நீயே என் வீட்டுக்கு வந்தாய். கதவடியில் நின்றபடி, "டயட் இல்லையடி, வருத்தம். கான்சராம்" என்றாய். உன் கையிலிருந்த காலண்டர்களை வாங்கிக்கொண்டேன். நீ சொன்னாய்: "எல்லாரும் வடிவெண்டவை. நீ ஒருத்திதான் கோவிச்சனி. அது எனக்கு நல்லாயிருந்தது." பிறகு மேசையடியில் உட்கார்ந்து, உன் காலண்டரில் ஐந்தாவது முறையாய் விசில் என்று எழுதினாய். நீ அப்படிச் சொன்னது பெரிய மனசு. எனக்கு இன்றுவரை ஆறவில்லை. போனை எடுத்திருக்கலாம்.

இந்த ஜனவரி முதலாம் திகதி உன் காலண்டரைச் சுவரில் மாட்டி, விசில் என்று ஆறாவது முறையாய் நான் எழுதினேன். என்னுடையதை விரிக்கவில்லை. எனக்குப் பிடித்தது என்னவென்று யோசித்தால் ஒன்றும் வருகுதில்லை. வந்து எழுதினாலும் சரி போட ஆளில்லை.

அன்றிலிருந்து தினமும் வேலைக்குப் போகும்போது, அந்த மஞ்சள் கோட்டோடு தரிப்பில் நின்று உனக்காக ஊதுகிறேன். காற்றுத்தான் வந்தது. நேற்றுக் காலை, எதிர்பாராமல், ஒரு சின்னக் கீச்சுச் சத்தம் வந்தது. உடனே இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன், நீ நிற்கிற பக்கம். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் காலண்டரில் சரி போட்டேன். உன்னுடையதற்கு நான்தானே போட வேண்டும். என்னுடையது மேசையில்தான் கிடக்கிறது. ரப்பர் பாண்டை மட்டும் கழற்றிவிட்டேன்.