வளைவுச் சாலையின் தடுப்பு வலை இரண்டாம் பாறையைத் தாங்காது என்பது பற்றி

அனுப்புநர்
கணிப்புப் பொறியாளர்,
மலைச்சாலைப் பிரிவு ஆய்வுக்கூடம்.

பெறுநர்
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
நெடுஞ்சாலைத் துறை.

பொருள்: வலையின் கவ்விகளை மாற்றும் வரை வளைவுச் சாலையை மூடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி சாலையில் உருளும் பாறைகளைத் தடுக்கும் கம்பி வலையைக் கணினியில் சோதிக்கும் பணி எனக்குத் தரப்பட்டது. தனித்துகள் முறையில் சோதித்தேன். அதாவது, கம்பியைச் சிறு மணிகளாகப் பிரித்து, மணிக்கும் மணிக்கும் நடுவே நுண்ணிய உத்திரம் ஒன்றைப் பொருத்தி, இழுத்தால், வளைத்தால், முறுக்கினால் அது எப்போது முறியும் என்று பார்ப்பது. ஆய்வுக்கூடத்தில் உண்மைக் கம்பியை வளைத்தும் ஒத்துப்பார்த்துவிட்டேன்.

2. முதல் பாறையை வலை பிடித்துவிடுகிறது. ஆனால் கம்பியை இறுகப் பிடித்திருக்கும் கவ்வியின் விளிம்பில் கம்பி மடங்கி இழைகள் அறுகின்றன. இரண்டாம் பாறைக்குப் பெரும்பாலும் வலை பிய்ந்துவிடுகிறது. சில முறை தாங்குகிறது என்பதையும் மறைக்கவில்லை. பழைய கணக்கு கம்பியை இழுபடும் கயிறாக மட்டுமே கொண்டதால் இந்த மடிப்பு அதில் தெரியவில்லை.

3. சென்ற மழையில் முதல் பாறை விழுந்தது, வலை நின்றது. என் மேலதிகாரி, "அதான் தாங்கிடுச்சேம்மா. நீ பாசிமணி கோத்து எங்களைப் பயமுறுத்துற" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு சாலைக்குப் போய், வலையருகே ஏணி போட்டு ஏறினேன். கவ்வியோரம் பிரிந்து நின்ற இழைகள் விரலைக் கிழித்தன. படங்களைக் காட்டியதற்கு, அடுத்த ஆய்வில் பார்க்கலாம் என்றார்.

4. அவ்வழியே பள்ளிப் பேருந்து ஓட்டியவர் என் அண்ணன். "தாங்குமா தாங்காதா, ஒரே பேச்சா சொல்லு" என்றார். நம்ப முடியாது என்றேன். அவர் வண்டியை எடுக்க மறுத்தார். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு வேறொருவரை அனுப்புகிறார்கள். அண்ணி என்னோடு பேசுவதில்லை. அண்ணன் எப்போதும்போல் பேசுகிறார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பாறையின் எடையை மாற்றி, கோணத்தை மாற்றி, திரும்பத் திரும்பக் கணக்கை ஓட்டுகிறேன். கணக்கு தவறென்றால் அவர் பிழைப்பைக் கெடுத்தவள் நான். சரியென்றால் அந்தப் பேருந்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

5. காலையிலிருந்து மழை விடவில்லை. ஆகவே சாலையை உடனே மூடி, கவ்விகளை மாற்ற ஆணையிடுமாறு வேண்டுகிறேன். என் கணக்கு பிழையென்று தெரிந்தால் எந்த நடவடிக்கைக்கும் உட்படுகிறேன்.

6. நானும் அண்ணனும் சிவப்புத் துணி பிடித்து வண்டிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். பள்ளிப் பேருந்தும் திரும்பிப் போயிற்று. இதற்கு எங்களுக்கு அதிகாரமில்லை என்பதை அறிவோம். அதிகாரமுள்ளவர் வரும்வரை நகர்வதாக இல்லை.

தங்கள் ஆணைக்காகச் சாலையில் காத்து நிற்கும்,
(ஒப்பம்)
கணிப்புப் பொறியாளர்

நாள்: திங்கட்கிழமை, முற்பகல்
இடம்: வளைவுச் சாலை, வலைக்குச் சற்று முன்