மஞ்சள் கதவு

என் பாட்டுக்காரனுக்கு,

இதைக் கதவில் ஒட்டாமல் நம் வாசல் தபால் பெட்டியில் போட்டிருக்கிறேன். காரணம் கடைசியில்.

நீயும் வெர்னாவும் காலை முழுக்க அறையைச் சாத்திக்கொண்டு பாட்டெழுதுவீர்கள். அதை விற்பதற்கான டெமோவை நான் பாடித் தருவேன். பாட்டை விற்றுப் பிழைக்கும் இந்த நாஷ்வில்லில் பாதிக் குடித்தனம் இப்படித்தான் நடக்கிறது; நானும் வாய் திறந்ததில்லை.

ஆனால் இந்தப் புதுப் பாட்டில் ஒருவன், "உன் மஞ்சள் கதவுமுன் மண்டியிட்டேன், இனி எனக்கென்று எதுவுமில்லை" என்று உருகுகிறான். நம் கதவு பச்சை. நீயே அடித்த பச்சை. கேட்டேன். "அடியே, பாட்டுல வர்ற கதவுக்கெல்லாம் விலாசம் கேப்பியா?" என்று சிரித்தாய். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஞாயிறன்று சர்ச் முடிந்து, வெர்னா நம் வீட்டில் மறந்துவிட்ட கிதார் பட்டையைக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். கதவைப் பார்த்தேன். பட்டையை வாசலிலேயே போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அதனால்தான் இன்று காலை ஒலிப்பதிவில் வேண்டுமென்றே "பச்சைக் கதவு" என்று பாடினேன். பதிவு செய்த ஹாலிஸுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. "அக்கா, அழ வச்சிட்டீங்க! இதையே வச்சுக்கலாம்" என்றான். கண்ணாடிக்கு அப்பால் நீங்கள் இருவர் மட்டும் சட்டென்று நிமிர்ந்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் நம் கதவுக்கு மஞ்சள் அடித்துவிட்டேன். இன்னும் காயவில்லை, கை வைக்காதே. மண்டியிடுவதானால் தட்டவே வேண்டாம், எனக்குக் கேட்கும்.

உள்ளே இருப்பவள்